சபை வரலாற்று மலரில் இடிக்கப்பட்ட மாடன் பீடத்தை எப்படி எழுதுவது?

கேள்வி
எழுதியவர்: தேரிமணல்

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. தாது வருசப் பஞ்சத்தின்போது, 1877இல், ஊரில் ஒரு பகுதியார் வேதத்துக்கு வந்து, அதாவது கிறித்தவர்களாகி, சபை உண்டாயிற்று. 2027இல் நூற்றைம்பது ஆண்டு நிறைவடைவதால், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையை ஒட்டி ஒரு வரலாற்று மலர் வெளியிடச் சேகரக் கமிட்டி (போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் குழு) முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. கட்டட வரலாறு, போதகர்களின் காலவரிசை, பள்ளிக்கூடத்தின் வளர்ச்சி ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. முதல் அத்தியாயத்தில்தான் பேனா நகர மறுக்கிறது.

இப்போது ஆலயம் நிற்கும் இடத்தில் முன்பு சுடலைமாடன் பீடம் இருந்தது. முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் குடும்பப் பெரியவர் கடப்பாரையால் அதை இடித்தார் என்றும், அடுத்த வாரமே அவருடைய உழவுமாடு ஒன்று செத்து விழுந்தது என்றும், மாடன் பலி கேட்டுவிட்டான் என்று ஊரே நடுங்கியபோது சபையில் போதித்து வந்த உபதேசியார் பீடம் இருந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் எழுந்து வந்து நின்றார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் சபையின் பவள விழா மலரில் இந்த நிகழ்ச்சி பேயின் கோட்டை தகர்ந்த நாளாக வருணிக்கப்பட்டிருக்கிறது.

ஊரின் மறுபாதி இன்றும் மாடனைக் கும்பிடுகிறது. அவர்கள் வேற்றாட்கள் அல்லர். பீடத்தை இடித்தவரின் உடன்பிறந்த தம்பி வழியில் வந்தவர்கள். இடிந்த இடத்திலிருந்து பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) எடுத்துப் போய், ஊருக்கு மேற்கே புதுப் பீடம் போட்டுக் கொடை என்னும் திருவிழா நடத்தி வருகிறார்கள். கல்யாணத்துக்கும் துட்டிக்கும் (சாவுக்கும்) நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறோம். கொடைக்கு வரி பிரிக்க மட்டும் அவர்கள் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. மலர் அச்சானால் அவர்கள் கைக்கும் போகும்.

மிஷனரிகள் எழுதிவைத்த குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்? நம் முன்னோர் வெறும் பயத்தினால்தான் இந்தத் தெய்வங்களைக் கும்பிட்டார்கள் என்பது சரியா? வேதத்துக்கு வந்தபின் அந்தப் பயம் உண்மையாகவே நீங்கியதா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி
எழுதியவர்: ஓலைக்கட்டு

மிஷனரிக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நம்புவதும் கூடாது, தள்ளுவதும் கூடாது. யார், எந்த ஆண்டில், யார் படிப்பதற்காக எழுதினார் என்று பார்த்தாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, இந்தத் தெய்வங்களைப் பற்றித் தமிழர்களிடமே கேட்டார். கேள்விகளைக் கடிதமாக அனுப்பி, அவர்கள் எழுதியனுப்பிய விடைகளைத் திரட்டி, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூலை எழுதி முடித்தார். ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி ஆகிய கிராம தேவதைகளுக்கு அதில் தனி இடம் உண்டு. ஜெர்மனியில் இருந்த மேலிடத்தார் அதை அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதைப் பற்றிய கதைகளை ஐரோப்பாவில் பரப்பத் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது கிடப்பில் கிடந்த காலத்தில்தான், உங்கள் பகுதியைப் பற்றிய மிஷனரி எழுத்துகள் பெரும்பாலும் உருவாயின என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1841இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல், 1849இல் அந்தச் சீமையின் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்தச் சமூகத்தின் மதமே பேய் வழிபாடுதான் என்று அதில் விரிவாக எழுதினார். அவர் கண்ணால் கண்டவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். மேலே குறுகிச் செல்லும் மண் பீடம், அதற்கு அடிக்கும் வெள்ளை, ஒரே வெட்டில் கிடாயின் தலை விழ வேண்டும் என்ற கட்டாயம், பூசாரிச் சாதி என்று ஒன்று இல்லாமல் ஊர்த்தலைவரோ வேறு எவரோ, ஆணோ பெண்ணோ, சாமி வந்து ஆடலாம் என்ற வழக்கம் ஆகியவை கள ஆய்வாளர்களின் பிற்காலப் பதிவுகளோடும் ஒத்துப்போகின்றன. அவர் குறிப்பிடும் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1809இல் திருவிதாங்கூர் அரண்களைத் தாக்கியபோது காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலப் படை அதிகாரிக்கு, நம் ஊர் மக்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள். அவர் எந்த மதத்தவர், நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் கும்பிட்டவர்களுக்குக் கேள்வியே அல்ல. ஆயுசு முடியுமுன் ரத்தம் சிந்திச் செத்தவர் அடங்கமாட்டார், அவருக்குப் பிடித்ததைக் கொடுத்து அடக்க வேண்டும் என்ற விதி அந்நியருக்கும் பொருந்தியது. பனையேற்றத்தில் தவறி விழுந்தவர், பிள்ளைப்பேற்றில் இறந்தவள், வெட்டுப்பட்டவன், தூக்கில் தொங்கியவள் என்று ஊர்தோறும் இருக்கும் பீடங்களில் பலவும் இந்த விதியின்கீழ் எழுந்தவை.

கால்டுவெல்லின் பார்வை வழுக்கும் இடம் வேறு. இந்தத் தெய்வங்கள் யாவும் தீங்கு செய்வதையே தொழிலாகக் கொண்டவை, மக்களுக்கும் அவற்றுக்கும் இடையே அச்சத்தைத் தவிர வேறு உறவில்லை, இதில் அறம் என்பதே கிடையாது என்று அவர் முடிவு கட்டினார். காவல் தெய்வமாக எல்லையில் நிற்கும் மாடனுக்கும், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டப்படும் இசக்கிக்கும் அந்தச் சட்டகத்தில் இடமில்லை. சீகன்பால்கு கேட்டதுபோல இவரும் மக்களைக் கேட்டு எழுதியிருந்தால் நூலின் முகமே மாறியிருக்கும் என்பது என் கருத்து. அவர் எழுதியவை பிற்காலத்தில் அந்தச் சமூகத்தாரிடமிருந்தே கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அதற்கு முன்பே, மிஷனோடு பிணங்கிய சட்டாம்பிள்ளை 1857இல் ஐரோப்பியர் தலைமையை ஏற்காத தனிச் சபை ஒன்றைப் பிரகாசபுரத்தில் தொடங்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கச் செய்தார். வேதத்தை ஏற்றவர்கள் மிஷனரிகள் சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேய்க்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்லர். தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) ஆடு கோழிப் பலியையும் பேய்களுக்குப் படைப்பதையும் விடச் சொன்னார். அவர் பின்னால் போனவர்கள் கிறித்தவர்களாகவில்லை. ஆக, அந்த நூற்றாண்டில் மக்களுக்குள்ளேயே இந்த வழிபாட்டின் செலவையும் பயத்தையும் உதறிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. மிஷன் அந்த வேகத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டது. முதலூர் 1799இல் துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்களுக்குப் புகலிடமாக உண்டானதையும், ரேனியஸ் என்ற மிஷனரியின் காலத்தில் 1827இல் டோனாவூர் உருவானதையும் பாருங்கள். நிலமும் பள்ளியும் பண்ணையாரின் அடக்குமுறையிலிருந்து பாதுகாப்பும் தேடியவர்கள் பலர் இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் போனார்கள்.

பஞ்சத்தையும் மறைக்காதீர்கள். 1876 முதல் 1878 வரையிலான கொடுமையில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகப் போனவர்கள் என்ற ஏச்சு அவர்களைத் தொடர்ந்தது. பசித்தவன் தனக்குச் சோறு போட்டவரின் கடவுளை நம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலரில் அதை நேராகவே எழுதலாம்.

மறுமொழி
எழுதியவர்: கோமரத்தாடி வீட்டுப் பிள்ளை

எங்கள் தாத்தாவும் அப்பாவும் சாமியாடிகள். நான் படித்துவிட்டு வெளியூரில் வேலை பார்த்தாலும் கொடைக்குக் கால்நாட்டும் நாளில் ஊருக்குப் போய்விடுவேன். நண்பரின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

வெறும் பயம் என்று எழுதாதீர்கள். பயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொடை இரவில் நின்று பார்த்தவனுக்கு அது பயத்தில் தொடங்கி வேறெங்கோ போய் முடிவது தெரியும். வில்லுப்பாட்டில் புலவர் கதையை மெல்லச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தத் தெய்வம் மனிதராக இருந்தபோது யார் வீட்டில் பிறந்தது, யாரை நம்பியது, யாரால் எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று ஊர்ப் பெயர், பாதைப் பெயர் சொல்லிப் பாடுவார். சாவு வரும் இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த அழுகை பேய்க்குப் பயந்து அழுவது அன்று. துட்டி வீட்டில் அழும் அழுகைதான் அது. அதன் பிறகு சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது குடமும் உடுக்கும் வேகமெடுக்க, மஞ்சணை பூசி மாலை போட்டு நிற்கும் என் அப்பாவின் தோள் முதலில் துடிக்கும், பிறகு கண் நிலைகுத்தும், வல்லயம் என்னும் ஈட்டியைக் கையில் வாங்கியதும் அவர் எங்கள் அப்பாவாக இருக்கமாட்டார். நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது பந்தம் பிடித்துப் பின்னால் போனவர்கள்கூட எல்லைக்கு இப்பால் நின்றுவிடுவார்கள். மாடன் தனியாகத்தான் உள்ளே போவான்.

கொல்லப்பட்ட ஏழை ஒருவன் தெய்வமாகி, கொன்றவர்களின் வம்சத்தாரே பல தலைமுறைக்கும் தனக்குப் பொங்கலிட்டுப் பணிந்து நிற்கும்படி செய்வது தென்மாவட்டக் கதைகளில் மறுபடி மறுபடி வரும் செய்தி. அன்றைய நீதிமன்றத்தில் ஏழைக்குக் கிடைக்காதது அவனுக்குப் பீடத்தில் கிடைத்தது. இதில் அறம் இல்லை என்று ஒருவர் எழுதினால், அவருக்கு வில்லுப்பாட்டின் தமிழ் புரிந்திருக்காது, அல்லது விடியும்வரை உட்கார்ந்து கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நான் நினைப்பேன்.

குறி சொல்லும் நேரம் இன்னும் முக்கியமானது. வருசம் முழுக்கப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியைச் சாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி, இனி வரப்புத் தகராறு வேண்டாம் என்று சொன்னால் அதை மீறுபவர் குறைவு. ஊர்ப் பஞ்சாயத்தால் முடியாததை அந்த ஒரு நிமிடம் முடித்துவைக்கும். வரி என்பதும் வெறும் பணம் அல்ல. வரி கொடுக்கும் வீடு இந்த ஊரில் தனக்குப் பங்கு உண்டு என்று சொல்கிறது, வரி வாங்கும் ஊர் அதை ஒப்புக்கொள்கிறது. வேதத்துக்குப் போனவர்கள் வரி தரமாட்டோம் என்று சொன்ன அன்றைக்கு எங்கள் முன்னோருக்கு அது மதம் மாறியதாகப் படவில்லை, குடும்பத்தை விட்டு விலகியதாகப் பட்டது. அடிதடியும் வழக்கும் வந்ததற்கு அதுதான் வேர்.

நண்பரே, உங்கள் பெரியவர் இடித்தது அவருடைய தகப்பன் பாட்டன் கும்பிட்ட பீடம். தம்பி பிடிமண் எடுத்துக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மலரில் விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி
எழுதியவர்: உபதேசியார் பேரன்

கோமரத்தாடி வீட்டு அண்ணாச்சி எழுதியதை மரியாதையோடு படித்தேன். கொடையின் உள்ளே இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். பீடத்துக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் கழிந்த மற்ற நாட்களைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது.

என் தாத்தா தேரிப் பகுதிச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி பயத்தைப் பற்றியதே. உச்சிவேளையில் பீடத்துப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது, பிள்ளைத்தாய்ச்சி அந்தி மயங்கியபின் வாசலைத் தாண்டக்கூடாது, தலை சீவிய முடியை வெளியே போடக்கூடாது என்ற கட்டுகளுக்குள்தான் பெண்கள் வாழ்ந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் குறி சொல்லும் கோடங்கி, பிறகு கோழி, பிறகு கிடாய். கருப்பட்டி விற்ற காசு அத்தனையும் அதில் போய், மீதிக்குக் கடன் வாங்கி, அடுத்த பதநீர்க் காலத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. வாந்திபேதி வந்துவிட்டால் எந்தத் தெய்வம் கோபப்பட்டது, யார் செய்த குற்றத்தால் கோபப்பட்டது என்று ஆள் தேடுவார்கள். பல நேரங்களில் அந்தக் குற்றம் ஒரு விதவையின் தலையிலோ வேறு சாதிக்காரரின் தலையிலோ விழுந்தது. கொடையில் கிடைத்த நீதியைப் பற்றி அண்ணாச்சி எழுதினார். அதே கோமரம் (சாமியாடி) அநீதியாகவும் வாய் திறந்ததுண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒருவர் வந்து, உன்னை யாரும் துரத்தவில்லை, உன் பிள்ளையின் காய்ச்சலுக்கு நீ குற்றவாளி அல்ல, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, மருந்து வாங்க என்னோடு வா என்று சொன்னபோது அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரவில் வரும் கொள்ளைநோய்க்கும் நண்பகலில் வரும் அழிவுக்கும் அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் 91ஆம் சங்கீதத்தை எங்கள் பக்கத்துப் பாட்டிமார் எழுத்துத் தெரியாமலே மனப்பாடமாகச் சொல்வார்கள். உச்சிவேளைக்குப் பயந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் கற்றுக்கொடுத்த பின்னல் வேலை, அதனால் அவர்கள் கைக்கு வந்த சொந்தக் காசு, இவையெல்லாம் அதே கதவு வழியாக வந்தவைதான்.

பயம் முற்றிலும் நீங்கியதா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, இல்லை என்பதே. பீடம் போனது, பேய் போகவில்லை. படித்த ஐயர்மார் (போதகர்கள்) பேயே கிடையாது என்று பிரசங்கம் செய்த சபைகளிலும், பிள்ளைக்குத் திருஷ்டி பட்டால் இரவில் உபதேசியாரைத்தான் கூப்பிட்டார்கள். திருநீறு இருந்த இடத்தில் ஜெபித்த எண்ணெய் வந்தது. தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு இருந்த இடத்தில் வேதப்புத்தகம் வந்தது. சபை இந்தத் தேவையைக் கண்டுகொள்ளாமல் விட்ட ஊர்களில்தான் பிற்காலத்தில் பெந்தெகொஸ்தே கூட்டங்கள் வேகமாகப் பரவின என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் பேய் உண்டு என்று ஒப்புக்கொண்டு, பெயர் கேட்டு, அதட்டித் துரத்தினார்கள். மக்களுக்கு அது புரிந்தது.

மறுமொழி
எழுதியவர்: கடற்கரை ஓரம்

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. உவரி அந்தோணியார் கோயிலுக்கோ புளியம்பட்டிக்கோ ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்கள் தலைவிரி கோலமாகக் கொடிமரத்தைச் சுற்றி ஆடுவார்கள். அவர்களோடு வந்து நாள்கணக்கில் தங்கியிருப்பவர்களில் இந்துக்கள் நிறையப் பேர். அவர்கள் வாயிலிருந்து வருவது மாடன், இசக்கி என்ற பெயர்கள்தான். அந்தோணியாரின் அதிகாரத்துக்கு அவை கட்டுப்பட்டு ஓட வேண்டும் என்பது நம்பிக்கை. இங்கே ஊர்த் தெய்வத்தை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டார்கள். இதனால் உறவு அறுபடாமல் இருந்தது உண்மை. ஆனால் இசக்கி எங்கள் கோயிலில் எப்போதும் குற்றவாளியாகவே நிற்கிறாள் என்பதும், அவள் கதையைக் கேட்க அங்கே யாரும் இல்லை என்பதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

மறுமொழி
எழுதியவர்: தேரிமணல்

எல்லாருக்கும் நன்றி. கோமரத்தாடி வீட்டு அண்ணாச்சி சொன்னபடி பிடிமண் செய்தி கட்டாயம் இடம்பெறும். அதை எங்கள் சித்தப்பா முறையில் இருக்கும் இப்போதைய சாமியாடியிடமே கேட்டு, அவர் சொல்லும் விதத்தில் எழுத நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மாடு செத்த கதையை வரலாறாக எழுதலாமா? இதே போன்ற கதையைப் பக்கத்துச் சபைகளிலும் கேட்டிருக்கிறேன். மேலும், 1877இல் எங்கள் ஊரில் எந்தெந்தத் தெய்வங்கள் இருந்தன என்பதற்கு எழுத்துச் சான்று ஏதாவது கிடைக்க வழியுண்டா?

மறுமொழி
எழுதியவர்: ஓலைக்கட்டு

மாட்டுக் கதையை விடாதீர்கள். ஆனால் நடந்தது என்று எழுதாமல், சபையார் சொல்லி வருவது என்று எழுதுங்கள். பீடத்தை இடித்தவருக்கு ஒரு கேடு வருவதும், ஊர் காத்திருந்து பார்ப்பதும், உபதேசியார் அந்த இடத்தில் இரவு தங்குவதும் பல ஊர்ச் சபைகளின் தோற்றக் கதைகளில் வருகின்றன. அதனாலேயே அது பொய் என்று ஆகிவிடாது. பீடத்தை இடித்தபின் மக்கள் எதற்காகக் காத்திருந்தார்கள், எதைக் கண்டு நம்பினார்கள் என்பதை அந்தக் கதை உள்ளபடி காட்டுகிறது. மாடன் பொய் என்று யாரும் அவர்களிடம் வாதாடி வெல்லவில்லை. ஓர் ஆள் அங்கே படுத்து உயிரோடு எழுந்தார். சாமியாடி நள்ளிரவில் சுடுகாட்டுக்குத் தனியாகப் போவதும் உபதேசியார் பீடத்து மண்ணில் தனியாகப் படுப்பதும் ஊராரின் கண்ணுக்கு ஒரே வகையான துணிச்சலாகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் சித்தப்பா வீட்டாரிடமும் அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். அவர்களிடம் அந்தக் கதை வேறு முடிவோடு இருக்கக்கூடும். இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

எழுத்துச் சான்றுக்கு உங்கள் கைக்கெட்டும் இடத்திலேயே ஒன்று இருக்க வாய்ப்புண்டு. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பல பதிவேடுகளில் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். சுடலைமுத்து ஞானமுத்துவாகவும், இசக்கியம்மாள் மரியம்மாளாகவும் மாறியிருப்பதை அங்கே காணலாம். நம் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் குடும்பம் கும்பிட்ட தெய்வத்தின் பெயராலோ, நேர்ந்துகொண்ட தெய்வத்தின் பெயராலோதான். ஆகவே பழைய பெயர்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால், மாடன், இசக்கி, பேச்சி, முத்தாரம்மன், பலவேசக்காரன் என்று 1877இல் ஊரில் எந்தெந்தத் தெய்வங்களுக்குக் குடும்பங்கள் இருந்தன என்ற கணக்கு ஓரளவு தெரிந்துவிடும். பெயர் மாற்றாமலே சேர்ந்தவர்களும் இருக்கலாம். அவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேகர அலுவலகத்தில் பதிவேடு இல்லையென்றால் பல சேகரங்களை உள்ளடக்கிய திருமண்டலத்தின் அலுவலகத்தில் விசாரியுங்கள். போதகரிடம் கடிதம் வாங்கிப் போனால் பார்க்க விடுவார்கள். படம் எடுக்க அனுமதி கிடைக்காவிட்டால் கையால் எழுதிக்கொள்ளலாம். பெயர்ப் பட்டியலில் இன்றைய குடும்பங்களை அடையாளம் காட்டும்படி எதையும் அச்சிடுவதற்கு முன் அந்த அந்த வீட்டாரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். வரித் தகராற்றைப் பொறுத்தவரை, இரு தரப்பிலும் வயதான பெண்களிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஆண்கள் வழக்கை நினைவில் வைத்திருப்பார்கள். எந்த வருசத்திலிருந்து எந்த வீட்டுக்குப் பொங்கல் சோறு கொடுத்தனுப்புவது நின்றது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.